பைலட் படிப்பு: காட்பாடி மனையை விற்கலாமா?

ஆம்பூரிலிருந்து ஒரு அப்பா:

ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசராக இருக்கிறேன். பெண் ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். பிசிக்ஸ், மேத்ஸ் இரண்டும் உண்டு. பைலட் ஆவேன் என்று ஒரே பிடிவாதம். ஒரு இடத்தில் விசாரித்தால், விமானக் கம்பெனியோடு சேர்ந்த கேடட் ப்ரோகிராம் என்று ஒரு கோடிக்கு மேல் சொல்கிறார்கள். இன்னொரு அகாடமியில் 50 லட்சம். காட்பாடி பக்கம் ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கிறேன், விற்றால் ஓரளவு தேறும். அவ்வளவு பணத்துக்கு அந்தப் படிப்பு தகுமா? கட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

அப்துல்லாபுரத்துக்காரன்:

அண்ணா, நானும் மனை விற்ற கேஸ்தான். இப்போது ஏர்பஸ் ஏ320-ல் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை பைலட். அதனால் மனை வீண் போகவில்லை. ஆனால் இடையில் நடந்ததைச் சொன்னால்தான் உங்களுக்குப் பிரயோஜனம்.

எங்கள் ஊர் ஏர்ஃபீல்டில் ஒரு காலத்தில் மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்பின் பயிற்சி விமானங்கள் பறக்கும். ஸ்கூல் விட்டதும் சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். பைத்தியம் அங்கேதான் பிடித்தது. (அதே இடம்தான் சின்ன ஊர்களுக்கும் விமானம் விடும் உடான் திட்டத்தில் பயணிகள் விமானத்துக்காக வருஷக்கணக்கில் காத்துக்கிடந்தது. சரி, அது தனிக் கதை.)

2016-ல் வெளிமாநிலத்தில் ஒரு அகாடமியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். பிரோஷரில் 18 மாதம் என்று போட்டிருந்தது. எனக்கு ஆனது மூன்றே கால் வருஷம். பறக்கத் தெரியாமல் இல்லை, பறக்க விமானம் இல்லை. கணக்கில் 14 செஸ்னா. ஒன்று இன்ஜின் ஓவர்ஹாலுக்குப் போயிருக்கும், இன்னொன்று ஸ்பேருக்காக ஹேங்கரில் நிற்கும். உருப்படியாகப் பறந்தது ஐந்து. மாணவர்களோ நூற்றுச் சொச்சம்.

காலை ஐந்து மணிக்கே யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு போர்டுக்கு எதிரே உட்காருவோம். மார்க்கர் பேனாவில் எழுதியிருக்கும் லிஸ்டில் என் பெயர் ஏழாவது, எட்டாவது. பனி விலக எட்டரை ஆகும். அப்புறம் இரண்டு பேர் பறப்பார்கள், ஒரு விமானத்தில் ஏதாவது கோளாறு என்பார்கள். பதினொரு மணிக்கு ஒருவர் வந்து டஸ்டரால் மொத்தமாக அழித்துவிட்டுப் போவார். சில வாரங்களில் நான் பறந்தது ஒன்றரை மணி நேரம். நல்ல இன்ஸ்ட்ரக்டர்கள் இரண்டு பேர் ஏர்லைனில் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். ஹாஸ்டல், மெஸ் பில் மட்டும் ஒரு மாசமும் நிற்கவில்லை. நான் முழு ஃபீஸையும் முன்னாலேயே கட்டியிருந்ததால் கோபப்பட்டுக் கிளம்பவும் வழியில்லை. அப்பா போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: "இன்னாடா, இன்னும் எத்தினி மணி நேரம் பாக்கி?" 200 மணி நேரம் முடித்தால்தான் லைசென்ஸ் என்பது அவருக்கும் மனப்பாடம் ஆகியிருந்தது.

2019 கடைசியில் லைசென்ஸ் வந்தது. அந்த ஏப்ரலில்தான் ஜெட் ஏர்வேஸ் நின்றிருந்தது. ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்களே வேலை தேடிக்கொண்டிருக்கும்போது 200 மணி நேரக்காரனை யார் சீண்டுவார்கள்? அடுத்த மார்ச்சில் கொரோனா. மாமாவின் வாலாஜா கடையில் இரண்டு வருஷம் கணக்கு எழுதினேன். லைசென்ஸ் சும்மா இருக்காது, தீனி போட வேண்டும். வருஷா வருஷம் மெடிக்கல், இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங் (வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே பறக்கும் தகுதி) புதுப்பிக்க மறுபடி கொஞ்சம் பறத்தல், எல்லாம் காசு. பிறகு ஒரு கம்பெனியில் செலக்ட் ஆனதும் ஏ320 டைப் ரேட்டிங்குக்கு, அதாவது அந்த ரக விமானத்தை ஓட்டும் பயிற்சிக்கு, தனியாக 18 லட்சம். அகாடமி சொல்லும் 50 லட்சத்தில் இது வராது அண்ணா, கேட்டுப் பாருங்கள்.

இப்போது உங்கள் ஒரு கோடி. அந்த ப்ரோகிராம்களில் டைப் ரேட்டிங்கையும் பெரும்பாலும் சேர்த்தே சொல்வார்கள், படிப்பும் ஓரளவு சொன்ன காலத்தில் முடியும். அது சின்ன விஷயமில்லை. ஒரு வருஷம் முன்னால் சேர்ந்தவன் சீனியாரிட்டியில் முன்னால் நிற்பான். ஆனால் கையில் கிடைப்பது வேலை இல்லை, நிபந்தனையோடு கூடிய கடிதம். கம்பெனிக்குத் தேவை இருந்தால் எடுப்போம் என்கிற மாதிரி ஒரு வரி உள்ளே எங்கேயாவது இருக்கும். தேடிப் படியுங்கள். 2023-ல் ஏர் இந்தியா 470, இண்டிகோ 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தபோது எல்லா அகாடமி விளம்பரத்திலும் அந்த நம்பர்தான். அதே வருஷம் மே மாதம் கோ ஃபர்ஸ்ட் விமானக் கம்பெனி நின்றதை ஒருத்தரும் விளம்பரத்தில் போடவில்லை.

டிஜிசிஏ (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) கொடுக்கும் லைசென்ஸ் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஃபீஸ் எவ்வளவு என்று கேட்காதீர்கள், விமானம் எத்தனை ஓடுகிறது என்று கேளுங்கள். 2025-ல் டிஜிசிஏ பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரம் போட ஆரம்பித்தது. முதல் லிஸ்டில் உச்சத் தரம் ஒரு பள்ளிக்கும் கிடைக்கவில்லை. அந்த லிஸ்டையும் பாருங்கள், ஆனால் நேரில் போய் உங்கள் கண்ணாலும் பாருங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் மெடிக்கல். முதலில் க்ளாஸ் 2, அப்புறம் பெங்களூரு ஏரோஸ்பேஸ் மெடிசின் இன்ஸ்டிட்யூட் மாதிரி இடத்தில் க்ளாஸ் 1. காட்பாடியில் காலை ரயில் ஏறினால் போய்விடலாம். என் பேட்ச் பையன் ஒருத்தன் பாதி ஃபீஸ் கட்டிய பிறகு நிறம் பார்ப்பதில் குறை என்று தெரிந்து வீட்டுக்குப் போனான். அடுத்து பேப்பர்கள்: நேவிகேஷன், மீட்டியராலஜி (வானிலை), ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல். 70 மார்க் எடுத்தால்தான் பாஸ். வீட்டிலிருந்தே படித்து எழுதலாம். அதில் பாப்பாவுக்குப் பிடிக்காமல் போனால் நஷ்டம் சில லட்சத்தோடு நிற்கும், மனை மிஞ்சும்.

ராணிப்பேட்டை:

நான் வெளிநாட்டில் படித்தேன். 11 மாதத்தில் 200 மணி நேரம் முடிந்தது, வானம் எப்போதும் தெளிவு. ஊருக்கு வந்து இந்திய லைசென்ஸாக மாற்ற டிஜிசிஏ பேப்பர், ரேடியோ லைசென்ஸ், இங்கே மறுபடி பறந்து காட்டுவது என்று ஒன்றேகால் வருஷம் போனது. கடைசியில் எல்லாம் கூட்டினால் இங்கே படித்தவனுக்கு ஆன அதே செலவு, அதே காலம். இங்கிலீஷ் மட்டும் நன்றாக வந்தது.

குடியாத்தம், பேங்க்கில் லோன் பார்ப்பவன்:

ஏழரை லட்சத்துக்கு மேல் எஜுகேஷன் லோன் என்றால் பொதுவாக சொத்து அடமானம் கேட்போம். படிக்கும் காலத்தில் கட்ட வேண்டாம் என்று எல்லோரும் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். 50 லட்சத்துக்கு 11 சதவீதம் என்று வையுங்கள், வருஷத்துக்கு ஐந்தரை லட்சம், மாசம் சுமார் 46 ஆயிரம் வட்டி மட்டும். மேலே தம்பி சொன்ன மாதிரி மூன்று வருஷம் காத்திருக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். மனையை ஒரேயடியாக விற்காமல் அடமானம் வைக்கலாம் என்று சொல்லத்தான் வந்தேன், கணக்குப் போட்டதும் எனக்கே தயக்கமாகிவிட்டது.

சத்துவாச்சாரி:

ஃபுர்சத்கஞ்சில் இருக்கும் இக்ரூவாவை யாரும் சொல்லவில்லையே? உத்தரப் பிரதேசம், மத்திய அரசின் அகாடமி, 1985-ல் தொடங்கியது. என்ட்ரன்ஸ் எழுதித்தான் போக முடியும். ஃபீஸ் அங்கேயும் கம்மி இல்லை. ஆனாலும் ஒருமுறை எழுதிப் பார்க்கலாம். எங்கள் சித்தப்பா பையன் எழுதினான், கிடைக்கவில்லை, அதற்காகப் படித்த மேத்ஸ் வேறு பரீட்சைக்கு உதவியது.

ஆம்பூர் அப்பா:

எல்லோருக்கும் நன்றி. போன சனிக்கிழமை பெண்ணையும் கூட்டிக்கொண்டு அந்த 50 லட்சம் இடத்துக்குப் போனேன். அப்துல்லாபுரம் தம்பி சொன்னபடி உள்ளே போகாமல் ரன்வே தெரிகிற டீக்கடையில் காலை ஏழு மணிக்கே உட்கார்ந்தோம். அவள் ஒரு நோட்டில் ஒவ்வொன்றும் ஏறுவதையும் இறங்குவதையும் குறித்தாள். நான் எண்ணியதில் 12 தடவை ஏறியது. பரவாயில்லையே என்று நினைத்தேன். அவள் விமானத்தின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் வி.டி. என்று தொடங்கும் பதிவு எழுத்துகளையும் சேர்த்துக் குறித்திருந்தாள். அதே மூன்று விமானம்தான் திரும்பத் திரும்பப் போனது.

மதியம் உள்ளே போனோம். ஏசி ரூம், காபி. எத்தனை விமானம் என்றேன், 11 என்றார் அந்தப் பெண். இன்றைக்கே முழு ஃபீஸ் கட்டினால் இரண்டு லட்சம் தள்ளுபடியாம். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன்.

க்ளாஸ் 2 மெடிக்கலுக்கு டாக்டரிடம் தேதி வாங்கியாகிவிட்டது. மீட்டியராலஜி புத்தகம் வந்திறங்கியிருக்கிறது, ராத்திரி பதினொரு மணி வரை மேகம் மேகமாகப் படம் வரைகிறாள். மனையை இப்போதைக்குத் தொடவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். வாணியம்பாடி தாண்டியதும் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "அந்த மூணுல ஒருத்தர் லேண்டிங் சரியில்லப்பா. ரெண்டு தடவ குதிச்சுது."