செட்டிநாட்டுப் பக்கம் பழைய மதர்போர்டு தேடியவர்களே, மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

கானாடுகாத்தான் வளவு

போன முறை முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குப் பங்காளிகள் கூடியபோது இரண்டாம் கட்டில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தார்கள். பெரிய அண்டாவும் தாம்பாளங்களும் எடுக்க வேண்டியிருந்தது. தூக்கிக் கொடுக்க உள்ளே போனேன். இனாமல் அடுக்குகளுக்குப் பின்னால் பழுப்பேறிய கேபினெட் ஒன்று இருந்தது. சிங்கப்பூரில் இருந்த சித்தப்பா 99-ல் கொண்டுவந்தது. லீவுக்கு வந்தால் அதில்தான் எல்லாப் பிள்ளைகளும் ரோட் ராஷ் ஆடுவோம். உள்ளே என்ன போர்டு என்று அந்த வயதில் யார் பார்த்தார்கள்!

பக்கத் தகட்டைக் கழற்றி போன் வெளிச்சத்தில் பார்த்தேன். ஆசுஸ் பி3பி-எஃப் மதர்போர்டு. ப்ராசசர் செருகும் ஸ்லாட் 1-ல் பென்டியம் 3 நிமிர்ந்து நிற்கிறது. கிராபிக்ஸ் கார்டுக்கான ஏஜிபி ஸ்லாட்டில் வூடூ3. கண்டென்சர் தலைகள் எல்லாம் தட்டையாக இருந்தன, ஒன்றுகூட கெட்டு உப்பவில்லை. கை நடுங்கிவிட்டது.

பெரியப்பா வாசலில் நின்று சொன்னார்: "தம்பி, இந்த அறைச் சாமான் எல்லாருக்கும் பொது. மலேசியாவில் இருக்கிறவர் சம்மதிக்காமல் ஒரு கரண்டிகூட வெளியே போகாது." தகட்டை மறுபடி மாட்டி, இருந்த இடத்திலேயே வைத்தேன். பூட்டிவிட்டார்கள்.

அந்த அறையின் கூரையில், கேபினெட்டுக்கு நேர் மேலே, ஈரம் படர்ந்த கறை இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மழை பெய்தால் எனக்கு அந்தக் கறைதான் ஞாபகம் வருகிறது.

செக்காலைக்காரன்

உங்களுடையதாவது பத்திரமாக இருக்கிறது. நான் பார்த்தது அழிந்த கதை.

காரைக்குடியில் ஒரு பழைய இரும்புக் கடை. உரச் சாக்கில் போர்டுகள் வந்திறங்கும் என்று தெரிந்ததால் அடிக்கடி போவேன். அன்றைக்கு நான் போனபோது கடைப் பையன் தரையில் உட்கார்ந்து உளியும் சுத்தியலுமாக வேலை செய்துகொண்டிருந்தான். அவன் காலடியில் ஏஎம்டி கே6 ப்ராசசர்கள் போடுகிற சூப்பர் சாக்கெட் 7 போர்டு. விஐஏ எம்விபி3 சிப்செட் (போர்டை இயக்கும் முதன்மைச் சில்லுகள்), கார்டு செருகும் ஏஜிபி, பிசிஐ, பழைய ஐஎஸ்ஏ ஸ்லாட் மூன்றும் இருக்கிறது. ப்ராசசர் மேலே இருந்த ஹீட் சிங்க்கின் கிளிப்பை விடுவிக்கத் தெரியாமல், அலுமினியத்துக்காக அடியில் உளியை வைத்து நெம்பப் பார்க்கிறான்.

"தம்பி, நிறுத்து! அதை முழுசா நான் எடுத்துக்கறேன், என்ன வேணுமோ கேளு" என்றேன். அவன் நிமிர்ந்து முதலாளியைப் பார்த்தான். முதலாளி தராசுப் பக்கமிருந்து, "முழுசாவா? போர்டு தனி ரேட், அலுமினியம் தனி ரேட். நீ வேலையைப் பாருடா" என்றார். சுத்தியல் இறங்கியது. சாக்கெட்டோடு சேர்ந்து போர்டில் ஓடிய செப்புக் கோடுகள் உரிந்து வந்தன. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அந்தப் போர்டில் கே6-3 போட்டால் விண்டோஸ் 98 காலத்து ஆட்டங்கள் ஓடும். வேக நினைவகமான கேஷை அணைத்தால் அதே மெஷின் பழைய 386 ப்ராசசர் வேகத்துக்கு இறங்கிவிடும். பிளஸ் ரக கே6 கிடைத்தால் ப்ராசசர் வேகத்தை முடிவு செய்கிற மல்டிபிளையரையே, விண்டோஸுக்கு முந்திய டாஸிலிருந்து மாற்றலாம். டேஞ்சரஸ் டேவ் காலத்து ஆட்டம் முதல் 1998 ஆட்டம் வரை ஒரே போர்டில். ரெட்ரோ கேமிங்குக்கு (பழைய ஆட்டங்களைப் பழைய மெஷினிலேயே ஆடுவதற்கு) ஒரே ஒரு போர்டுதான் என்றால் என் தேர்வு அதுதான்.

தேவகோட்டை 440

செக்காலைக்காரர் இழந்ததற்கு வருத்தப்படுகிறேன். ஆனால் "ஒரே ஒரு போர்டு" என்றால் அது சூப்பர் சாக்கெட் 7 கிடையாது. விஐஏவின் ஏஜிபியோடு டிரைவர் தகராறு எத்தனை பேர் பட்டிருக்கிறார்கள்! 1998-ல் வந்த இன்டெல் 440பிஎக்ஸ் போல நிம்மதியான சிப்செட் அந்தக் காலத்தில் வேறு இல்லை. ப்ராசசரோடு பேசும் 100 மெகாஹெர்ட்ஸ் பஸ், ஏஜிபி, கூடவே ஐஎஸ்ஏ. டாஸ் ஆட்டங்களுக்கு ஐஎஸ்ஏ சவுண்ட் பிளாஸ்டர் வேண்டும். பிசிஐ சவுண்ட் கார்டை வைத்து டாஸில் பாட்டு வரவழைக்கப் போராடினவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

என் விஷயம் இது. எங்கள் ஊரில் ஒரு பிரவுசிங் சென்டரை மூடினார்கள். பின்னறையில் போர்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பெரும்பாலும் இன்டெல் 810 சிப்செட். ஆபீஸ் வேலைக்குச் சரி, ஏஜிபி ஸ்லாட்டே இல்லாததால் நமக்கு உதவாது. "எல்லாம் ஒண்ணுதானே, எதையாவது எடுத்துக்கங்க" என்றார் உரிமையாளர். அடியில் ஒரு அபிட் பிஎச்6, 440பிஎக்ஸ் போர்டு, கிடந்தது. போர்டிலுள்ள ஜம்பர் ஊசிகளைத் தொடாமல், ஆரம்பத்தில் வரும் பயாஸ் திரையிலேயே ப்ராசசர் வேகம் வைக்கலாம் என்பதால் அதன் மேல் எனக்குத் தனிப் பிரியம். திருப்பினால் பின்பக்கம் மார்க்கரில் "சிஸ்டம் 7" என்று எழுதியிருக்கிறது. பத்தாவது படிக்கும்போது மணிக்குக் காசு கொடுத்து நான் உட்கார்ந்த மெஷின் அது. கடை ஆரம்பித்த நாளில் வாங்கிய முதல் செட்டில் ஒன்றாம். அந்த எழுத்தை நான் அழிக்கவில்லை.

புதுவயல் பொண்ணு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்கப் போனேன். கம்ப்யூட்டருக்காகப் போகவில்லை. தேக்குத் தூண், பழைய ஓவியம், பீங்கான் ஜாடிக்கு நடுவே சுவரில் ஒரு சட்டம் தொங்குகிறது. உள்ளே 486 போர்டு, விஎல்பி என்ற அந்தக் காலத்து கார்டு ஸ்லாட் நீளமாகத் தெரிகிறது. அழகுக்காகச் செய்ததாம், ஹோட்டல்காரர்கள் கேட்கிறார்களாம். பலகையில் நிற்பதற்காகப் போர்டின் நடுவிலேயே துளை போட்டு இரும்புத் திருகு இறக்கியிருந்தார்கள். ஓரத்தில் ஏற்கனவே இருந்த திருகுத் துளைகள் அப்படியே காலியாக இருந்தன!

"ஆச்சி வீட்டுச் சாமான்ல வந்ததும்மா. இது ஓடும்னு யாருக்குத் தெரியும்?" என்றார் கடைக்காரர். அவர் மேல் கோபப்பட முடியவில்லை. தேக்குத் தூணில் ஒரு கீறல் விழாமல் பஞ்சு சுற்றி வைத்திருக்கிற மனிதர் அவர். போர்டையும் அப்படிப் பார்க்க யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

கழனிவாசல்

440பிஎக்ஸ் எல்லாவற்றுக்கும் போதும் என்று தேவகோட்டை சொன்னதை ஏற்க மாட்டேன். பென்டியம் 3-ல் 1990-ஐ ஒட்டி வந்த ஆட்டங்களை ஓட்டிப் பாருங்கள். ஆட்டம் தலைதெறிக்க ஓடி, கண்ணிமைப்பதற்குள் ஆள் செத்துவிடுவான். போர்லாண்ட் பாஸ்கல் மொழியில் எழுதிய சில நிரல்கள் வேகமான ப்ராசசரில் ரன்டைம் எரர் 200 என்று நின்றுவிடும். காத்திருக்கும் நேரத்தை (டிலே) கணக்குப் போடுகிற இடத்தில் எண் எல்லை மீறிவிடுவதுதான் காரணம். அந்தக் காலத்து ஆட்டத்துக்கு அந்தக் காலத்துப் போர்டுதான் சரி.

ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து 386 போர்டு கிடைத்தது, ஏஎம்டி 40 மெகாஹெர்ட்ஸ். பரவசமாகத் திருப்பினால் கீபோர்டு சாக்கெட் பக்கம் பச்சை பூத்திருக்கிறது. நீல நிற பீப்பாய் பேட்டரி, 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம், கசிந்திருந்தது. உலோக அரிப்பைப் பற்றி ஆராய்கிற செக்ரி ஆய்வகம் இருக்கிற ஊரில், அரித்துப்போன ஒரு போர்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேட்டரியை வெட்டி எடுத்து, வினிகர் தொட்டுத் துடைத்து, தண்ணீரில் அலசி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டு, நன்றாகக் காயவைத்தேன். அறுந்த கோடுகளுக்கு மெல்லிய கம்பி பற்றவைத்தேன்.

சுவிட்சைப் போட்டதும் திரையில் எழுத்து வந்தது. மெமரி எண்ண ஆரம்பித்தது, டிக் டிக் என்று எண் ஏறிக்கொண்டே போனது. 3000-ஐத் தாண்டியதும் திரை இருண்டுவிட்டது. அதற்கப்புறம் அது உயிர் காட்டவே இல்லை. அந்தச் சில நொடிகள் இருக்கிறதே, அதற்காகத்தான் இன்னும் அந்தப் போர்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன்.

பள்ளத்தூர் சால்டரிங்

என் கதை சின்னது. ஒரு பையன் சந்தோஷமாக ஓடிவந்து, பழைய ஏஜிபி கார்டை இன்டெல் 845 சிப்செட் போர்டில் செருகி, என் கண் முன்னால் ஆன் செய்தான். புகை வந்தது. அவன் முகம் வாடியதை மறக்க முடியவில்லை. அதனால் யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

845 போர்டு ஏஜிபிக்கு 1.5 வோல்ட்தான் தாங்கும். பழைய கார்டுகள் 3.3 வோல்ட். பெரும்பாலும் கார்டின் விளிம்பிலுள்ள வெட்டு பொருந்தாமல் தடுத்துவிடும். ஆனால் சில கார்டுகளில் இரண்டு வெட்டும் இருக்கும், உள்ளே சிக்னல் மட்டும் 3.3. செருக முடிகிறது என்பதற்காக நம்பக் கூடாது.

486, பழைய பென்டியம் போர்டுகளில் ஏடி ரக எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கும் பெட்டி) வரும். பி8, பி9 என்று இரண்டு கனெக்டர். கறுப்பு ஒயர் கறுப்பு ஒயரோடு நடுவில் சேர வேண்டும். மாற்றிச் செருகினால் போர்டு போச்சு. சில ஐஎஸ்ஏ சவுண்ட் கார்டுகள் மைனஸ் 5 வோல்ட் கேட்கும். இப்போது கடையில் விற்கும் எஸ்எம்பிஎஸ்களில் அந்த லைனே கிடையாது. சவுண்ட் கார்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டும் முன் அதைப் பாருங்கள்.

2000-ஐ ஒட்டி வந்த போர்டுகளில் ப்ராசசர் பக்கமுள்ள கண்டென்சர்களை முதலில் பாருங்கள். மண்டை உப்பியிருந்தாலோ பழுப்பு வடிந்திருந்தாலோ கரண்ட் கொடுக்க வேண்டாம். மாற்றும்போது 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் (உள் மின்தடை குறைந்த) ரகம்தான் போட வேண்டும். டிவி ரிப்பேருக்கு வைத்திருக்கிற சாதாரண கண்டென்சர் அந்த இடத்தில் நிற்காது.

1998-க்கு முந்திய பயாஸ் பலவற்றுக்கு 8.4 ஜிபிக்கு மேல் டிஸ்க் தெரியாது. பழைய டிஸ்க்கைத் தேடி அலைவதைவிட டிஸ்க் கேபிளில் மாட்டும் ஐடிஇ அடாப்டரில் சின்ன காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு போடுங்கள். சத்தமும் இல்லை, சூடும் இல்லை.

கானாடுகாத்தான் அண்ணே, அந்த அறை திறந்தால் உடனே பவர் கொடுக்காதீர்கள். இத்தனை வருசம் சும்மா கிடந்த எஸ்எம்பிஎஸ்ஸை நம்பவே வேண்டாம். போர்டைத் தூசி தட்டி, வெயில் படாமல் காயவைத்து, ரேம் காலை அழிப்பானால் தேய்த்து, சோதித்த எஸ்எம்பிஎஸ்ஸில் போடுங்கள். அதுவரைக்கும் கேபினெட்டை அந்தக் கறைக்கு நேரே இல்லாமல் நகர்த்தி வைக்கப் பெரியப்பாவிடம் கேளுங்கள். நகர்த்துவதற்குப் பங்காளி கையெழுத்து தேவையில்லையே.

தேவகோட்டை 440

அந்த பி3பி-எஃப்-ல் ஐஎஸ்ஏ ஒன்றா இரண்டா? இரண்டு விதமும் வந்திருக்கிறது.

கானாடுகாத்தான் வளவு

இரண்டு. கீழே கறுப்பாக நன்றாகத் தெரிந்தது. மலேசியாவுக்குப் போன் பேசினேன். "அந்தப் பழசு எதுக்குப்பா உனக்கு?" என்றார், எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நகர்த்தி வைக்கப் பெரியப்பா ஒத்துக்கொண்டார்.

செக்காலைக்காரன்

தேவகோட்டை, விஐஏ டிரைவர் தகராறு உண்மைதான், மறுக்கவில்லை. சரியான 4-இன்-1 டிரைவரைப் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் கழனிவாசல் சொன்ன வேக விஷயத்துக்கு உங்களிடம் பதில் இல்லை. ரன்டைம் எரருக்கு பேட்ச் கிடைக்கும், தலைதெறிக்க ஓடுகிற ஆட்டத்துக்கு என்ன செய்வீர்கள்? என்னிடம் ஸ்லாட் 1 செலரான் 300ஏ ப்ராசசர் ஒன்று சும்மா இருக்கிறது. உங்கள் பிஎச்6-ல் பஸ்ஸை 100-க்கு ஏற்றினால் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடக்கூடிய ரகம். உங்களிடமோ தெரிந்தவர்களிடமோ எம்விபி3 போர்டு இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம். ஹீட் சிங்க் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.