கிளிக்குக் கோழிக்கால் எலும்பு கொடுக்கலாமா?

தொண்டி_வலை: ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, எடை 450 கிராம். பிரியாணி எலும்பைக் கண்டா கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஒரே கத்தல். கருவாட்டு வாசத்துக்கும் அப்படித்தான். குடுக்கலாமா? எலும்பு தொண்டையில குத்துமா?

கீழக்கரை_கூண்டு: தாராளமா குடுக்கலாம். கிளி சுத்த சைவம்னு நம்ம ஊர்ல யாரோ கிளப்பி விட்டுட்டாங்க. காட்டுல புழு பூச்சியும் திங்கும். நியூசிலாந்து கியா கிளி உயிரோட நிக்கிற ஆட்டு முதுகைக் கொத்திக் கொழுப்பைத் திங்கும். ஆனா பிரியாணி எலும்பு வேணாம். அதுல இருக்கிற உப்பு, வெங்காயம், பூண்டு மூணுமே ஆகாது. மிளகாய் பரவாயில்லை, பறவைக்கு அது உறைக்கவே உறைக்காது.

கறிக்கடையில கால் துண்டை வெட்டாம முழுசா வாங்குங்க. கத்தி எலும்புக்குக் குறுக்க இறங்கினா ஊசி மாதிரி சிம்பு நிக்கும், குத்துறது பெரும்பாலும் அதுதான். தோல், கொழுப்பை உரிச்சுட்டு வெறுந்தண்ணியில அரை மணி நேரம் வேக வைங்க. மூட்டை ஒட்டிக் கொஞ்சம் கறி மட்டும் விட்டு, ஆறினதும் குடுங்க. கிளி நாய் மாதிரி எலும்பை முழுங்காது. காலால பிடிச்சு, மூட்டை நொறுக்கி, உள்ள இருக்கிறதை நாக்கால வழிச்சுட்டுக் கீழ போட்டுரும்.

பாம்பன்_காத்து: கீழக்கரை காக்கா (அண்ணே), கியா கிளி குளிர் மலையில நாள் முழுக்கப் பறக்குது. கூண்டுக் கிளி கம்பிக்குக் கம்பி தாவுது. சாம்பல் கிளிக்கும் அமேசான் கிளிக்கும் ரத்தக்குழாய்ல கொழுப்பு படியுற நோய் அதிகம். அது வழிச்சுத் திங்குதுன்னு சொல்றீங்களே, அந்த மஜ்ஜையில கொழுப்பு அதிகம். அளவும் யாரும் பாக்கிறதில்லை. 400 கிராம் கிளிக்கு 20 கிராம் கறி போட்டா, 60 கிலோ ஆள் ஒரே வேளையில 3 கிலோ தின்ன மாதிரி. போதாக்குறைக்கு யூரிக் அமிலம் ஏறி மூட்டு வீங்கும்.

கீழக்கரை_கூண்டு: கொழுப்பு விஷயம் சரி. கடைசியா சொன்னதை ஒத்துக்க மாட்டேன். காக்கடீல்ங்கிற சின்னக் கிளிகளுக்கு 11 சதவீதத்துல இருந்து 70 சதவீதம் வரைக்கும் புரதம் குடுத்துப் பாத்த ஆய்வு இருக்கு. சிறுநீரகம் கெடலை. அதிகப் புரதத்துக்கு ஏத்த மாதிரி உடம்பு தன்னை மாத்திக்குது.

பாம்பன்_காத்து: அது நல்லா இருந்த வளர்ந்த காக்கடீல். ஏற்கெனவே சிறுநீரகம் பழுதான கிளிக்கும், வெயில்ல தண்ணி காஞ்சு கிடக்கிற கிளிக்கும் அதைப் பொருத்த முடியாது. காக்கடீலுக்கு வைட்டமின் ஏ குறையுறதை விடக் கூடுறதுதான் கெடுதல்னும் ஆய்வு இருக்கு. அதனால ஈரல் தொடவே கூடாது.

நான் கறியே வேணாம்கலை. தோல் இல்லாத நெஞ்சுக்கறி, வேக வச்சு நார் நாரா பிச்சு, சாம்பல் கிளிக்கு 3 முதல் 5 கிராம், வாரம் ஒரு தடவை. பெரிய மக்காவுக்கு 10 கிராம். சின்னக் கிளியான சன் கான்யூருக்கு 1 கிராம். எலும்பு எதுக்கு?

மண்டபம்_கணவாய்: கருவாட்டை ரெண்டு பேரும் விட்டுட்டீங்க, நம்ம பக்கம் பெரிய ஆபத்தே அதுதான். கடற்காகத்துக்குக் கண்ணுக்கு மேல உப்பை வெளியேத்துற சுரப்பி இருக்கு, அது கடல் தண்ணியே குடிக்கும். கிளிக்கு அந்த வசதி கிடையாது. நம்ம போர் தண்ணியே பல இடத்துல உவர்ப்பு. அதைக் குடிக்கிற கிளிக்குக் கருவாடும் போட்டா? ராத்திரி முழுக்க ஊற வச்சாலும் உப்பு முழுசா இறங்காது.

மீன்னா பச்சை மீன் வாங்கி வேக வச்சு, முள் எடுத்த சதை மட்டும். சாளை, நெத்திலியை வேகாம குடுக்காதீங்க. அதுல இருக்கிற ஒரு நொதி பி1 வைட்டமினை அழிக்கும், வெந்தா அந்த நொதி போயிரும். வெயில்ல கிடந்த சூரை, கும்பளா வேணவே வேணாம். அதுல உண்டாகிற ஹிஸ்டமின் எவ்வளவு கொதிச்சாலும் போகாது.

சுண்ணாம்புச் சத்துக்குன்னு எலும்பு குடுக்கிறவங்க கணவாய் மீனோட ஓட்டைக் கூண்டுல கட்டுங்க. கரையில சும்மா ஒதுங்கிக் கிடக்குது. எண்ணெய், தார் படிஞ்சதை விட்டுட்டு வெள்ளையா இருக்கிறதை எடுத்து, நல்ல தண்ணியில ரெண்டு மூணு நாள் ஊற வைங்க, தண்ணியைத் தினம் மாத்துங்க. அப்புறம் 10 நிமிஷம் கொதிக்க விட்டு, ஈரம் போக வெயில்ல காய வைங்க. மெத்துன்னு இருக்கிற பக்கம் கிளியைப் பாத்து இருக்கணும்.

கீழக்கரை_கூண்டு: சுண்ணாம்புக்கு எலும்பைச் சொல்லலை தம்பி. அலகுக்கு வேலை வேணும், அதுக்குத்தான்.

பாம்பன்_காத்து: அந்த வேலைக்குப் பனை மட்டை, தேங்காய்ச் சிரட்டை போதுமே. நாள் முழுக்க உடைக்கும், கெட்டும் போகாது. எலும்பு நம்ம வெக்கைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல கூண்டுல கிடந்தா கெட்டுப்போகும்.

நெறியாளர்: ஒரு குறிப்பு. இங்க பேசுறது வெளிநாட்டுக் கிளிகளைப் பத்தி. நம்ம பச்சைக்கிளியைக் கூண்டுல வளக்கிறதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

தொண்டி_வலை: அப்ப எலும்பு உண்டா இல்லையா?

கீழக்கரை_கூண்டு: உண்டு. மாசம் ரெண்டு தடவை, மூட்டு மட்டும், நீங்க பக்கத்துல இருக்கும்போது. உடைஞ்சு சிம்பு தெரிஞ்சா உடனே வாங்கிருங்க. விலா, இறக்கை, கழுத்து எலும்பு வேணாம். காக்கடீல், பட்ஜி சைஸுக்கு எலும்பே கிடையாது.

பாம்பன்_காத்து: குண்டான கிளிக்கும் கிடையாதுன்னு சேத்துக்குங்க. நெஞ்செலும்பு கைக்குத் தட்டுப்படலைன்னா அது குண்டு. முட்டை மேல முட்டை போடுற பொட்டைக்குக் கறியையும் நிறுத்துங்க, சத்து ஏற ஏற இன்னும் போடும். எலும்பு தின்ன மறுநாள் காலையில கழுத்தடியில இருக்கிற தீனிப்பை காலியாகாம உப்பலா இருந்தாலோ, அலகுல ரத்தம் கண்டாலோ வீட்டு வைத்தியம் பாக்காம மருத்துவர்கிட்ட கொண்டு போங்க. மீதி எலும்பை எடை மெஷின்ல வச்சுப் பாருங்க காக்கா, எவ்வளவு உள்ள போச்சுன்னு அப்பதான் தெரியும்.

கீழக்கரை_கூண்டு: அது நல்ல யோசனை. போடுறதுக்கு முன்னாடியும் எடை போட்டுக்கணும்.