பயோஆக்டிவிட்டிக்குத் தமிழ்: ‘மருத்துவ குணம்’ போதுமா?

மொழிபெயர்ப்பாளர்:
அவையோருக்கு வணக்கம். தார்ப் பாலைவனத்து மூலிகைகளின் வேதிக்கூறுகள் பற்றிய இயலொன்றை இளநிலைத் தாவரவியல் மாணவர்களுக்காகத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். ஒரு பொருள் உயிருள்ள உடலிலோ செல்களிலோ விளைவை உண்டாக்கும் தன்மையைக் குறிக்கும் பயோஆக்டிவிட்டி என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. எனக்கு முன் இதைத் தொட்டவர் எல்லா இடத்திலும் ‘மருத்துவ குணம்’ என்று எழுதிவைத்திருக்கிறார். குக்கிலுக்கு வந்ததும் அது நிற்க மறுக்கிறது. ராஜஸ்தானிலும் கட்ச் பகுதியிலும் வளரும் அந்த முட்புதரின் பிசினில் உள்ள குக்குல்ஸ்டெரோன், பித்த அமிலங்களை உணரும் எஃப்.எக்ஸ்.ஆர். என்னும் ஏற்பியை, அதாவது செல்லில் உள்ள ஒரு புரதத்தை, தடுக்கிறது என்று 2002இல் காட்டினார்கள். ஆக, பயோஆக்டிவிட்டி உண்டு. அடுத்த ஆண்டே, இரத்தத்தில் கொழுப்பு மிகுந்த 103 பேரைக் கொண்டு 8 வாரம் நடத்திய அமெரிக்க ஆய்வில், குக்கில் சாறு உண்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். குறையவில்லை, சற்றே கூடியது. சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. ‘மருத்துவ குணம் உண்டு, ஆனால் குணமாகவில்லை’ என்று எழுதினால் மாணவர் சிரிப்பர். இப்போதைக்கு ‘உயிர்வினைத்திறன்’ என்று இட்டிருக்கிறேன். பொருந்துமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அன்புடையீர், ‘உயிர்வினை’ என்னும் தொகையை எப்படி விரிப்பது என்பதே முதற்கேள்வி. ‘உயிரினது வினை’ என ஆறாம் வேற்றுமையாக விரித்தால் உயிர் செய்யும் தொழில் என்றாகிவிடும். ‘உயிரின்கண் நிகழும் வினை’ என ஏழாம் வேற்றுமையாக விரித்தால்தான் தாங்கள் கருதும் பொருள் கிடைக்கும். படிப்பவர் முதலாவதையே கொள்வர். அதிலும் நல்வினை, தீவினை என்று கேட்டுப் பழகிய காது நேரே ஊழுக்குப் போய்விடும். தொல்காப்பிய உரியியலில் ‘வய வலியாகும்’ என்றிருக்கிறது. ‘உயிர்வயம்’ எனலாமே. வயவன், வயமா, வயப்புலி யாவும் இவ்வேரிற் கிளைத்தவை. வயிரத்தையும் நான் இங்கேதான் சேர்ப்பேன். அதை வடசொல் என்பாரோடு எனக்கு நெடுநாள் வழக்குண்டு.

சித்த மருத்துவர்:
ஐயா வயிரத்துக்குள் இறங்குமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தச் சிக்கலை, மருந்துப்பொருள்களின் இயல்பைச் சொல்லும் எங்கள் குணபாடம் எப்போதோ தீர்த்துவிட்டது. ஒரு மூலிகையைப் பற்றிச் சுவை, தன்மை, பிரிவு, செய்கை, குணம் என்று எழுதும்போது செய்கை வேறு, குணம் வேறு. சிறுநீர்பெருக்கி, உடல்தேற்றி, துவர்ப்பி என்பவை செய்கை. இன்ன நோய் தீரும் என்பது குணம். ஆகவே ‘உயிர்ச்செய்கை’ என்று எழுதுங்கள். மேலும், வரைவில் ஓரிடத்தில் குக்கிலைக் குங்கிலியம் என்று குறித்திருக்கிறீர்கள். நாட்டு மருந்துக் கடையில் வெள்ளைக் குங்கிலியம் என்று கிடைப்பது வேறு மரத்துப் பிசின். திருக்கடவூரில் குங்கிலியக்கலய நாயனார் தூபமிட்டது எது என்பதைப் பிறிதொரு நாள் பேசலாம்.

யாழ்ப்பாணத்து வேதியியல் ஆசிரியை:
மருத்துவர் ஐயாவின் பாகுபாடு மிகப் பொருத்தமானது. ஆனால் எங்களிடம் செய்கை என்றால் பயிரிடுதல். நெற்செய்கை, வெங்காயச் செய்கை என்று நாள்தோறும் எழுதுகிறோம். ‘பேய்க்கொம்மட்டியின் உயிர்ச்செய்கை’ என்று கண்டால் அதை எந்தப் போகத்தில் நடுவது என்று என் மாணவர் கேட்பார்கள். எங்கள் பாடநூல் வழக்கில் ‘தொழிற்பாடு’ உண்டு, ஆனால் அது உறுப்பின் இயல்பான வேலைக்கும் சேர்த்தே வழங்குகிறது.

பேய்க்கொம்மட்டியையே எடுத்துப் பாருங்கள். மணலில் கொடியோடிக் கிடக்கும் அந்தக் காயின் கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டாசின்கள், ஆய்வகத் தட்டில் வளர்க்கும் புற்றுநோய்க் கலங்களை (செல்களை) கொல்கின்றன. தின்றவரின் குடலைப் புண்ணாக்கிக் கடும் பேதியையும் உண்டாக்குகின்றன. இரண்டும் பயோஆக்டிவிட்டிதான். தட்டில் நடப்பதற்கும் உடலில் நடப்பதற்கும், நஞ்சுக்கும் மருந்துக்கும் ஒரே சொல் பொருந்த வேண்டும். நன்மை வரும் என்று அது முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடக் கூடாது. ‘உயிர்த்தாக்கம்’ என்பது என் பரிந்துரை. ‘உயிர்வயம்’ என்றால், தன்வயம் என்பதுபோல, உயிரின் பிடியில் உள்ளது என்றே படிக்கப்படும். ஐயா பொறுத்தருள வேண்டும்.

ஆய்வு மாணவர்:
எனக்கு ‘வேதிக்கூறு’ என்பதிலேயே ஐயம். குறுந்தொகையில் ‘புறவுப் புறத்தன்ன புன்கால் உகாஅத்து’ என்று பாலை நிலத்தில் நிற்கும் உகாய் மரத்தைத் தாவரவியலார் பலர், ராஜஸ்தானில் பீலு என்றும் அரபியில் அராக் என்றும் வழங்கும் மரமாகவே கொள்கின்றனர். பல் துலக்கும் மிஸ்வாக் குச்சி அதிலிருந்துதான் வருகிறது. அதை மெல்லும்போது நாவில் ஏறும் காரம் பென்சைல் ஐசோதயோசயனேட்; வாயில் வாழும் சில பாக்டீரியாக்களை அது கொல்லும். ஆனால் கடிபடாத வேரில் அப்பொருள் அவ்வடிவில் இல்லை. குளுக்கோட்ரோப்பியோலின் என்னும் முன்பொருளும் மைரோசினேஸ் என்னும் நொதியும் தனித்தனியே இருந்து, நார் நசுங்கும்போது கலந்த பிறகே அது பிறக்கிறது. இதைக் கூறு என்பதா, விளைபொருள் என்பதா?

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் நன்றி. கூறா, விளைபொருளா என்பதற்கு இப்போது நேரமில்லை. உகாய்ப் பத்தியில் மட்டும் ‘மெல்லும்போது உண்டாகும் பொருள்’ என்று விரித்து எழுதிவிடுகிறேன். தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலோர், வேறு வழியில்லை என்ற குரலிலாவது, ‘உயிர்த்தாக்கம்’ என்பதை ஒப்புகிறார்கள். அதையே இடுகிறேன். சித்த மருத்துவ நூல்களை எடுத்தாளும் இடங்களில் செய்கை, குணம் இரண்டும் அப்படியே நிற்கும். குங்கிலியத்தைக் குக்கில் என்று திருத்திவிட்டேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
நான் ஒப்பவில்லை. தாக்குதல் என்பது மோதுதல், எற்றுதல். ஏற்பியின் வாயிலை அடைத்து நிற்கும் குக்குல்ஸ்டெரோன் யாரைத் தாக்கிற்று? உயிர்வயத்தைக் கைவிட்டாலும் அந்த உயிர்வினையையாவது விட்டுவைத்திருக்கலாம். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்க. வயிரம் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.