போக வர 5 கிலோமீட்டர், பாதி செம்மண் சாலை, இரண்டு பிள்ளைகள்: எந்தத் தள்ளுவண்டி தாங்கும்?

இரு பிள்ளை அம்மா, பெஸ்தாரி ஜெயா:

வணக்கம். சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயாவை ஒட்டிய செம்பனைத் தோட்டம் ஒன்றில் குடியிருக்கிறோம். 2007-இல் ஊர்ப் பெயர் மாறினாலும் எங்கள் வீட்டில் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். மூத்தவனுக்கு இரண்டு வயது எட்டு மாதம், எடை 13 கிலோ. இளையவளுக்கு ஐந்து மாதம், ஏழு கிலோவை நெருங்குகிறாள்.

பட்டணத்துத் தாமான் குடியிருப்பில் என் அம்மா தனியாக இருக்கிறார். சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். காலை உணவுக்கு முன் இன்சுலின் போட்டு, புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டும். கணவர் ஆலையில் ஷிப்டு வேலை; மோட்டார் சைக்கிள் அவரோடு போய்விடும். அந்த நேரத்தில் பஸ் கிடையாது. அதனால் ஆறரை மணிக்கே பிள்ளைகளோடு நடக்கிறேன். போக இரண்டரை, வர இரண்டரை கிலோமீட்டர். முதல் பாதி செம்மண்ணும் கல்லும். பிறகு தார்ச்சாலை, ஆனால் நடைபாதை இல்லை.

இப்போது இருப்பது ஒரு பிள்ளைக்கான மடக்கு ஸ்ட்ரோலர். இளையவள் அதில், பெரியவன் நடப்பான். ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் அவனுக்குக் கால் வலிக்கும், அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரு கையால் வண்டியைத் தள்ளுவேன். போன வாரம் ஐந்தாம் மாத ஊசிக்குப் போகும் வழியில், லாரியிலிருந்து உதிர்ந்து கிடந்த செம்பனைப் பழம் ஒன்று முன்சக்கரத்துக்கும் அதைத் தாங்கும் கவைக்கும் இடையில் சிக்கிக்கொண்டது. சக்கரம் நின்றது, வண்டி முன்பக்கமாகக் கவிழ்ந்தது. பட்டை போட்டிருந்ததால் பிள்ளை விழவில்லை. பழத்தைப் பிடுங்கி எடுத்தபோது கையெல்லாம் எண்ணெய்; சக்கரத்தின் பிளாஸ்டிக் அச்சு விரிந்து போயிருந்தது. அதிலிருந்து தள்ளும்போதெல்லாம் நெஞ்சு படபடக்கிறது.

இருவரையும் உட்கார வைக்கும் வண்டி வேண்டும். பக்கத்தில் பக்கமாக உட்காருவது நல்லதா, முன்னும் பின்னுமாக உட்காருவது நல்லதா? மூத்தவனுக்குப் பின்னால் நிற்கும் பலகை பொருத்தினால் போதுமா? 700 ரிங்கிட் வரை சேர்த்து வைத்திருக்கிறேன். வெயிலுக்கும் தூசிக்கும் இப்போது மெல்லிய கைலி ஒன்றை மேலே போர்த்திவிடுகிறேன்.

சைக்கிள் பட்டறை, சுங்கை சிப்புட்:

தங்கை, உங்கள் வண்டியில் பழுது இல்லை. அது அந்தச் சாலைக்காகச் செய்த வண்டியே இல்லை. குடைபோல் மடங்கும் ஸ்ட்ரோலரை 1965-இல் வடிவமைத்தவர் ஓவன் மெக்லாரன் என்ற விமானப் பொறியாளர். விமானப் பயணத்தில் கையில் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை. எடை குறைய வேண்டும், மடிந்தால் சிறிதாக வேண்டும். அதனால்தான் உள்ளங்கை அளவுச் சக்கரம். வழவழப்பான தரையில் அது அருமையாக ஓடும். கோழிமுட்டை அளவுக் கல் எதிர்ப்பட்டால் அந்தச் சக்கரத்துக்கு அது சுவர். பெரிய சக்கரம் அதே கல்லின் மேல் ஏறி இறங்கிவிடும். 1984-இல் பில் பேச்லர் என்ற அமெரிக்கர் பிள்ளையைத் தள்ளிக்கொண்டு ஓடுவதற்காக வண்டியில் சைக்கிள் சக்கரத்தையே மாட்டினார். உங்களுக்கு வேண்டியது அந்த வம்சம்.

வண்டியின் பெயரைப் பார்க்குமுன் சக்கரத்தைப் பாருங்கள். பின்சக்கரம் 16 அங்குலம், முன்சக்கரம் 12 அங்குலம், காற்றடைத்த டயர், முன்சக்கரத்தை நேராகப் பூட்டும் வசதி. செம்மண்ணில் பூட்டிவிட வேண்டும். பூட்டாத சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் படபடவென்று ஆடித் திசை மாறும். திருப்பம் வந்தால் கைப்பிடியை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கித் திருப்புங்கள். இந்த அளவு டியூப், சிறுவர் சைக்கிள் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

உங்கள் சாலையில் கல்லைவிடப் பெரிய எதிரி செம்பனை மட்டையின் முள். டியூபுக்குள் ஓட்டை அடைக்கும் திரவத்தை முன்கூட்டியே ஊற்றி வைத்தால் சின்னக் குத்தல்களை அதுவே அடைத்துக்கொள்ளும். முழு ரப்பர் டயரில் பஞ்சர் இல்லைதான். ஆனால் அதிர்ச்சி எல்லாம் பிள்ளையின் முதுகுக்குப் போகும். ஐந்து மாதப் பிள்ளைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

காற்று எவ்வளவு என்று டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பார்கள். 30 பி.எஸ்.ஐ. என்றிருந்தால் பெட்ரோல் நிலையத்து மானியில் ஏறத்தாழ 207 கிலோபாஸ்கல். ஆனால் இந்தச் சிறிய டியூபைப் பெட்ரோல் நிலையத்தில் நிரப்பாதீர்கள். கார் டயருக்கான வேகத்தில் காற்று பாயும். கண்மூடித் திறப்பதற்குள் வெடித்துவிடும். கைப்பம்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

நிற்கும் பலகை வேண்டாம். கடைவீதிக்கு அது சரி. செம்மண்ணில் ஒவ்வொரு குலுக்கலிலும் பிள்ளை துள்ளுவான், உங்கள் முழங்கால் பலகையில் இடித்துக்கொண்டே இருக்கும்.

இரட்டையர் தாய், காப்பார்:

இரண்டு வகையையும் தள்ளியவள் நான். முன்னும் பின்னுமாக உட்காரும் வண்டி ஒடுக்கமானது. கடைக்குள்ளும் லிப்டுக்குள்ளும் சுலபமாக நுழையும். ஆனால் நீளம். சாலையோர மேட்டில் ஏற்ற முன்பக்கத்தைத் தூக்க வேண்டுமே, முன்னால் 13 கிலோ உட்கார்ந்திருந்தால் மணிக்கட்டு கழன்றுவிடும். பின்னால் இருப்பவளுக்குக் காற்றும் வராது. பக்கத்தில் பக்கமாக உட்காரும் வண்டியில் இரு பிள்ளைகளின் எடையும் பின்சக்கரத்தை ஒட்டியே இருப்பதால் தூக்கவும் திருப்பவும் எளிது. தினமும் 5 கிலோமீட்டர் என்றால் எனக்கு இதில் இரண்டாம் எண்ணமே இல்லை.

அதன் குறை அகலம். பெரிய சக்கர இரட்டை வண்டிகள் பல 75 முதல் 80 சென்டிமீட்டர் வரை வரும். நியூசிலாந்தின் மவுண்டன் பக்கி நிறுவனத்தின் டூயட் 63 சென்டிமீட்டர்தான். ஆனால் அதன் சக்கரம் 10 அங்குலம். எனவே முதலில் நாடாவை எடுத்து வீட்டு வாசலையும், தோட்டத்து நுழைவாயிலில் தடுப்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் ஆள் நுழையும் இடைவெளியையும் அளந்துவிடுங்கள். என் முதல் வண்டி குளியலறை வாசல்வரை எல்லாவற்றிலும் நுழைந்தது, முன்வாசல் இரும்புக் கதவில் மட்டும் சிக்கியது. ஒவ்வொரு நாளும் பிள்ளைகளை இறக்கி, மடக்கி, வெளியே விரித்து ஏற்றினேன்.

700 ரிங்கிட்டுக்குப் பழையது தேடுங்கள், புதியது வேண்டாம். அந்த விலைக்கு வரும் புதிய இரட்டை வண்டிகளில் சக்கரம் மறுபடியும் பிளாஸ்டிக்காகத்தான் இருக்கும். பார்க்கப் போகும்போது 10 கிலோ அரிசிப் பையை எடுத்துச் சென்று இருக்கையில் வைத்துத் தள்ளிப் பாருங்கள். சரிவில் பிரேக் போட்டு விட்டுப் பாருங்கள். இரண்டு இருக்கையிலும் தோள், இடுப்பு, கால் நடுவே என ஐந்து முனைப் பட்டை இருக்கிறதா, கொக்கி சொடுக்கென்று மாட்டுகிறதா, விரித்த பிறகு பூட்டு விழுகிறதா என்று பாருங்கள். துணி கிழிசலைத் தைத்துக்கொள்ளலாம். விரிசல் விட்ட சட்டத்தை ஒன்றும் செய்ய முடியாது.

பீடோங் அத்தை:

மகளே, நாங்கள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் இருட்டிலேயே எழுந்து, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடுவோம். எனக்கும் இரண்டு பிள்ளைகள். ஒன்றை மாரோடு துணியில் கட்டிக்கொள்வேன், இன்னொன்று கையைப் பிடித்து வரும். சின்னவளைக் கட்டிக்கொண்டு பெரியவனுக்கு மட்டும் நல்ல சக்கரமுள்ள ஒற்றை வண்டி வாங்கினால் செலவு பாதியாகுமே. பிள்ளையின் மூக்கும் வாயும் துணியில் அமுங்காமல், தாடை நெஞ்சில் இடிக்காமல் கட்ட வேண்டும். குனிந்தால் அவள் உச்சியில் நீ முத்தமிட முடிகிற உயரத்தில் இருக்க வேண்டும்.

இரு பிள்ளை அம்மா:

அத்தை, உங்கள் அன்புக்கு நன்றி. இளையவள் அறுவைச் சிகிச்சையில் பிறந்தாள். அரை மணி நேரம் சுமந்தாலே இடுப்பு பிடித்துக்கொள்கிறது. திரும்பி வரும்போது வெயில் வேறு. சந்தைக்குப் போகும் குறுகிய நடைக்கு அப்படித்தான் கட்டிக்கொள்கிறேன்.

காப்பார் அக்கா, அளந்துவிட்டேன். வீட்டு முன்வாசல் 82, தடுப்புக் கம்பத்து இடைவெளி 84. சமையற்கட்டு வாசல் 70-தான், அது தேவையில்லை.

ஓய்வு பெற்ற தாதி, தைப்பிங்:

அந்தக் கைலியைப் பற்றி யாரும் பேசவில்லையே அம்மா. தயவுசெய்து இன்றே நிறுத்திவிடுங்கள். மெல்லிய துணிதானே, காற்று போகும் என்று நினைக்கிறோம், போகாது. 2023-இல் வெளிவந்த சிட்னி பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் வெயிலில் நின்ற தள்ளுவண்டிகளை அளந்தார்கள். உலர்ந்த துணி போர்த்தியபோது உள்ளே வெப்பம் ஏறத்தாழ 4 பாகை வரை கூடியது. ஈரத் துணியும் சிறு விசிறியும் சேர்ந்தபோது ஏறத்தாழ 5 பாகை குறைந்தது. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம், துணி அவ்வளவு வேகமாக உலராது; அதனால் அதே பலனை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். துணியே இல்லாமல், ஆழமான கூரையும் பக்கவாட்டில் வலையும் உள்ள வண்டிதான் உங்களுக்கு வேண்டும். விடியலிலும் அந்தியிலும்தான் ஏடிஸ் கொசு அதிகமாகக் கடிக்கும். நீங்கள் போகும் நேரத்துக்குக் கொசுவலை கட்டாயம். திரும்பும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இளையவளின் பிடரியில் கையை வைத்துப் பாருங்கள். சூடாகவும் பிசுபிசுவென்றும் இருந்தால் நிழலில் நிறுத்திப் பால் கொடுங்கள்.

மழை உறை பிளாஸ்டிக். தூறல் விட்ட உடனே கழற்றிவிட வேண்டும். இடி கேட்டால் செம்பனை மரத்தடியில் ஒதுங்காதீர்கள், கட்டடத்துக்குள் போங்கள்.

இளையவள் தானாக உட்காரும்வரை இருக்கையை முடிந்த மட்டும் சாய்த்தே வையுங்கள். உட்கார்ந்த நிலையில் கழுத்து முன்னால் துவண்டால் மூச்சுவழி மடங்கும். நடை மட்டும்தான், அவசரம் என்று ஓடக் கூடாது.

இன்னொன்று. ஆறரை மணிக்கு நம் ஊரில் இருட்டு. 1982 தொடக்கத்தில் மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்தள்ளியதிலிருந்து சூரியன் உதிக்கப் பெரும்பாலும் ஏழு மணி தாண்டுகிறது. வண்டியின் முன்னும் பின்னும் ஒளி திருப்பும் நாடா ஒட்டி, சிறு விளக்கு ஒன்று கட்டுங்கள். நடைபாதை இல்லாத இடத்தில் வலப்பக்கமாக, எதிரே வரும் லாரியைப் பார்த்தபடி நடக்க வேண்டும்.

இரு பிள்ளை அம்மா, மூன்று வாரம் கழித்து:

கிள்ளானில் ஒரு குடும்பத்திடமிருந்து பழைய மூன்று சக்கர இரட்டை வண்டி வாங்கினோம். அகலம் 78 சென்டிமீட்டர், விலை 620 ரிங்கிட். அரிசிப் பையை வைத்துத்தான் சோதித்தேன். மீதிப் பணத்தில் கைப்பம்பு, டியூப் திரவம், விளக்கு, வலை. உதிர்ந்த பழங்களின் மேல் சக்கரம் ஏறி நசுக்கிக்கொண்டே போகிறது. எனக்கு அது இன்னமும் ஆச்சரியமாக இருக்கிறது.

ஒரே ஒரு தொல்லை. தார்ச்சாலைக்கு வந்ததும் வண்டி வலப்பக்கமாகவே இழுக்கிறது. வலக்கையால் தள்ளித் தள்ளித் தோள் வலிக்கிறது. சக்கரம் கோணலா, அண்ணா? மூத்தவன் வலப்பக்கம் உட்காருகிறான்.

சைக்கிள் பட்டறை, சுங்கை சிப்புட்:

முதலில் இரண்டு பின்சக்கரத்திலும் காற்று சமமா என்று பாருங்கள். பிறகு சமதளச் சிமெண்டுத் தரையில், பிள்ளைகள் இல்லாமல், முன்சக்கரத்தைப் பூட்டி, வண்டியை மெல்லத் தள்ளிக் கையை விடுங்கள். நாலைந்து மீட்டர் நேராகப் போனால் சக்கரத்தில் குறையில்லை. வலப்பக்கம் வளைந்தால் முன் அச்சின் மரையைத் தளர்த்தி, சக்கரத்தை மயிரிழை இடப்பக்கம் திருப்பி இறுக்குங்கள்.

நேராகப் போனால் காரணம் சாலைதான். மழைநீர் வடிவதற்காகத் தார்ச்சாலையை நடுவில் உயர்த்தி ஓரத்தில் தாழ்த்திப் போடுவார்கள். நீங்கள் வலது ஓரத்தில் நடக்கிறீர்கள், சரிவு வலப்பக்கம். அதே பக்கத்தில் பாரமான பிள்ளையும் இருந்தால் இழுக்கத்தான் செய்யும். பிள்ளைகளை இடம் மாற்றுங்கள். திரும்பி வரும்போதும் வலது ஓரம்தானே, மீண்டும் மாற்ற வேண்டியதில்லை.

இரு பிள்ளை அம்மா:

சிமெண்டுத் தரையில் நேராகத்தான் ஓடியது. இன்று காலை மூத்தவனை இடப்பக்கம் மாற்றினேன். தன் இடம் பறிபோயிற்று என்று தடுப்புக் கம்பம் வரை அழுதான், பிறகு விளக்கைத் தானே பிடித்துக்கொண்டு வந்தான். வண்டி நேராகப் போகிறது. தோளில் வலி இல்லை. முன்பு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். இன்று 7.05-க்கு அம்மா வீட்டு வாசலில் இருந்தேன். இளையவள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள்.