சந்தா ரூபாயில், சர்வர் பில் டொலரில்: எப்படித் தாக்குப்பிடிப்பது?

வெள்ளவத்தைக்காரன்:
நாங்கள் மூன்று பேர் சேர்ந்து மேடை நாடகங்களையும் கச்சேரிகளையும் பதிவு செய்து இணையத்தில் தருகிறோம். 400 பேர் மாதம் 500 ரூபாய் கட்டுகிறார்கள். வரவு 2 இலட்சம். போன மாத கிளவுட் (வாடகை சர்வர்) பில்லில் டேட்டா வெளியே போனதற்கு மட்டும் 972 டொலர், கிட்டத்தட்ட 290,000 ரூபாய்!

வீடியோ 3 எம்பிபிஎஸ் (நொடிக்கு 3 மெகாபிட்), அதாவது மணிக்கு 1.35 ஜிபி. ஒருவர் மாதம் 20 மணி நேரம் பார்த்தால் 400 பேருக்கு 10,800 ஜிபி. ஜிபிக்கு 9 அமெரிக்க சதம். ஆட்கள் பார்க்கப் பார்க்க நட்டம் கூடுகிறது. நிறுத்த மனமில்லை. பெரிய கம்பனிகள் எப்படிச் சமாளிக்கின்றன?

கொட்டாஞ்சேனை அண்ணன்:
தம்பி, நெட்ஃபிளிக்ஸ் படம் அனுப்ப ஜிபி கணக்கில் காசு கட்டுவதில்லை. 2012இல் அறிவித்த ஓபன் கனெக்ட் மூலம், படங்களை நிரப்பிய தன் சர்வர்களை இணைய இணைப்புத் தரும் நிறுவனங்களுக்கு இலவசமாகக் கொடுத்து அங்கேயே வைக்கிறது. புதுப் படங்களை ஆட்கள் குறைவாகப் பார்க்கும் நேரத்தில் ஏற்றிவிடும். அவர்களுக்குப் பெரிய செலவு படம் எடுப்பதுதான். அது எத்தனை பேர் பார்த்தாலும் மாறாது. சந்தா வரவு அதைத் தாண்டினால் இலாபம், தாண்டாவிட்டால் நட்டம். அதனால்தான் டிஸ்னி 2022 நிதியாண்டில் ஸ்ட்ரீமிங்கில் 400 கோடி டொலருக்கு மேல் இழந்தது, நெட்ஃபிளிக்ஸ் 2024இல் 1,000 கோடி டொலருக்கு மேல் செயற்பாட்டு இலாபம் (வட்டி, வரிக்கு முந்தியது) பார்த்தது. உங்களுக்கோ ஒவ்வொரு பார்வைக்கும் செலவு ஏறுகிறது. முதலில் அதை உடையுங்கள். மாதம் ஒரே தொகை வாங்கும் சர்வரை சிங்கப்பூரில் எடுங்கள். 10 டெராபைட் (10,000 ஜிபி) அதற்குப் பெரிய சுமையில்லை.

தெஹிவளை எடிட்டர்:
அண்ணன் சொன்னது சரி. அதோடு, எல்லாவற்றுக்கும் ஏன் 3 எம்பிபிஎஸ்? 2015இலேயே நெட்ஃபிளிக்ஸ் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனி பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு டேட்டா என்று) பார்க்கத் தொடங்கிவிட்டது. அசையாத கமராவில் ஒருவர் உட்கார்ந்து பாடுவதற்கு அவ்வளவு வேண்டாம். பரதநாட்டியத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

வெள்ளவத்தைக்காரன்:
நேற்றிரவு ஒரு கச்சேரியை 1.2 எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்கிப் பார்த்தேன். பாடகரின் முகம் தெளிவு. ஆனால் பின்னாலிருந்த கறுப்புத் திரை கட்டம் கட்டமாக உடைந்தது, மிருதங்கக்காரரின் விரல்கள் கரைந்துபோயின. 1.5இல் விரல்கள் திரும்பி வந்தன. அம்மாவின் போனிலும் பார்த்தேன், குறை தெரியவில்லை. கச்சேரிகளை இனி 1.5இல் தருவேன், அவற்றுக்கு டேட்டா பாதியாகும். சிங்கப்பூர் சர்வரின் விலையை இன்றே கேட்கிறேன், அண்ணா.