டார்க் சோல்ஸ் மாதிரி சுற்றி வந்து சேரும் உலகம் வேறு எந்த வீடியோ கேமில் இருக்கிறது?

வணக்கம் மக்களே, தண்டையார்பேட்டையில் இருந்து எழுதுகிறேன். 2011இல் வந்த டார்க் சோல்ஸின் ரீமாஸ்டரை (மெருகேற்றிய மறுவெளியீடு) முடித்த கையோடு, 2023இல் வந்த லைஸ் ஆஃப் பி வாங்கினேன். சண்டை என்று பார்த்தால் புதியதுதான் ஒரு படி மேல். ஒரு ஆயுதத்தின் கைப்பிடியைக் கழற்றி இன்னொன்றின் அலகோடு மாட்டலாம். சரியான நொடியில் தடுத்துக்கொண்டே இருந்தால் எதிரியின் ஆயுதமே உடைகிறது!

ஆனால் ஊர்? பெரும்பாலும் ஒரே நீளப் பாதை. டார்க் சோல்ஸில் எங்கெங்கோ அலைந்து, தேவாலயத்து லிஃப்டில் இறங்கினால் ஆரம்பத்தில் கிளம்பிய ஃபயர்லிங்க்கிலேயே வந்து நிற்போம். பழைய வண்ணாரப்பேட்டையில் ஏதோ சந்தில் புகுந்து எம்.சி. ரோட்டில் வெளியே வருகிற மாதிரி. டார்க் சோல்ஸை எடுத்த ஃப்ரம்சாஃப்ட்வேருக்கே அது அப்புறம் அந்த அளவு அமையவில்லை என்பது என் கட்சி (அவர்களே பின்னால் எடுத்த எல்டன் ரிங்கின் ரசிகர்கள் அடிக்க வராதீர்கள்).

வேறு நிறுவனங்கள் எடுத்ததில் இப்படிப்பட்ட உலகம் எதில் உண்டு? நியோ கேம் வேண்டாம், அது ஒரே உலகமாக இல்லாமல் தனித்தனி மிஷன். என்னிடம் பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) மட்டும்தான். சரி, பர்மா பஜார் பக்கம் பழைய டிஸ்க் இப்போதும் கிடைக்கிறதா? விலையும் சொன்னால் புண்ணியம்.