மின்சார வேனை நம்பி ஏர்கோன் தொழில் செய்ய முடியுமா? இரவில் பிளக் சுடுகிறது, ஈ.எல்.சி.பி. விழுகிறது

பீடோர் ஏர்கோன்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பீடோரில் பதினோரு ஆண்டுகளாக ஏர்கோன் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். பழைய பெட்ரோல் வேனின் கியர்பெட்டி இனித் தாங்காது என்று பட்டறைக்காரர் கைவிரித்துவிட்டதால் புதிய வண்டி தேடிக்கொண்டிருந்தேன். ஒரு விற்பனையாளர் மின்சார வேன் ஒன்றைக் கொடுத்து, இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்றார். மின்கலம் ஏறத்தாழ 40 யூனிட் (கிலோவாட் மணி) கொள்ளும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. ஐந்து நாள் ஓட்டியதில் எனக்கு எழுந்த சந்தேகங்களை இங்கே வைக்கிறேன்.

முதலாவது, வீட்டில் சார்ஜ் ஏற்றுவது. வண்டியோடு வந்த கேபிளை முன்வாசல் மூன்று முனை பிளக்கில் செருகி, 10 ஆம்பியரில் வைத்து இரவு முழுவதும் விடுகிறேன். காலையில் பிளக்கைத் தொட முடியாத அளவுக்குச் சூடு. சாக்கெட்டின் ஒரு துளையைச் சுற்றிப் பழுப்பேறியிருக்கிறது. மூன்றாம் நாள் இரவு மழை பெய்தபோது ஈ.எல்.சி.பி. (மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) விழுந்து வீடே இருண்டது. காலையில் வண்டியில் 41 விழுக்காடுதான் இருந்தது. சிலிம் ரிவரில் இரண்டு வேலைகளைத் தள்ளிப்போட நேர்ந்தது.

இரண்டாவது, தூரம். வெறும் வண்டியில் 240 கி.மீ. என்று காட்டியது, ஏர்கோனின் வெளிப்பெட்டி இரண்டு, ஏணி, வாட்டர் ஜெட், செப்புக் குழாய்ச் சுருள் எல்லாம் ஏற்றி ஓடிய நாளில் 160-ஐத் தாண்டவில்லை. மாதம் இரண்டு முறை கேமரன் மலைக்கும் போக வேண்டும். அந்தக் குளிரில் ஏர்கோன்காரனுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்: காய்கறி வியாபாரிகளின் குளிர் அறைகள்.

மூன்றாவது, என் மனைவியின் கேள்வி. ஆர்32 என்ற ஏர்கோன் வாயு சிலிண்டரையும் குழாய் பற்றவைக்கும் டார்ச்சையும் இவ்வளவு பெரிய மின்கலத்துக்கு மேலே வைத்துக்கொண்டு போவது பாதுகாப்பா?

தாப்பா வயர்மேன்

தம்பி, முதலில் அந்தச் சாக்கெட்டை இன்று இரவு பயன்படுத்தாதீர்கள். பழுப்பேறியது என்றால் உள்ளே முனை தளர்ந்திருக்கிறது அல்லது தொடுபகுதி தேய்ந்துவிட்டது என்று பொருள். கெத்தலும் இஸ்திரிப்பெட்டியும் நிறைய மின்னோட்டம் இழுத்தாலும் சில நிமிடங்களில் நின்றுவிடும் என்பதால் அந்தத் தளர்வு பல ஆண்டுகள் வெளியே தெரியாமலே இருந்திருக்கும். அதே இடத்தில் 10 ஆம்பியர் பத்து மணி நேரம் இடைவிடாமல் ஓடினால் சூடு வெளியேற வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போகும். எக்ஸ்டென்ஷன் ரீல் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். சுருட்டிய நிலையில் அது தன்னைத் தானே வேகவைத்துக்கொள்ளும்.

ஈ.எல்.சி.பி. விழுவது வேறு கதை. 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கும் கருவி 15-க்கும் 30-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் விழலாம். பழைய குளிர்சாதனப் பெட்டி, வாசல் விளக்கு, சார்ஜ் கேபிள் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். எதுவும் தனியாகக் குற்றவாளி அல்ல, கூட்டினால் எல்லை தாண்டிவிடும். மழை நாளில் விழுந்தது என்கிறீர்கள், ஆகையால் எனக்கு முதல் சந்தேகம் வாசல் விளக்கின் மேல்தான். ஒரு மாலை மெயின் போர்டில் சார்ஜ் செல்லும் எம்.சி.பி.யை (ஒவ்வொரு இணைப்புக்கும் உள்ள சிறு சுவிட்சை) மட்டும் விட்டு மற்ற அனைத்தையும் இறக்கி வையுங்கள். அப்போதும் விழுந்தால் கேபிளிலோ வண்டியிலோ பழுது. விழாவிட்டால் ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள்.

நிரந்தரத் தீர்வு, போர்டிலிருந்து தனிக் கம்பி இழுத்து, தனி ஆர்.சி.டி.யோடு (ஈ.எல்.சி.பி. போன்ற கசிவுத் துண்டிப்பானோடு) சுவரில் ஒரு சார்ஜர் பொருத்துவதுதான். அந்த ஆர்.சி.டி. சாதாரண ஏசி வகையாக இருக்கக் கூடாது. வண்டியின் பக்கத்திலிருந்து நேர் மின்னோட்டம் (டிசி) கசிந்தால் அந்த வகை குருடாகிப்போய், உண்மையான கசிவின்போதும் விழாமல் இருந்துவிடும். 6 மில்லி ஆம்பியர் நேர்க்கசிவைக் கண்டறியும் வசதி சார்ஜருக்குள்ளேயே இருந்தால் ஏ வகை போதும். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனிடம் கொடுங்கள்; எர்த் கம்பியையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். தோட்டத்து லயங்களிலும் பழைய தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகளிலும் எர்த் கம்பி துருப்பிடித்துப் பெயருக்கு நிற்பதை நான் வாரம் ஒரு முறையாவது பார்க்கிறேன்.

32 ஆம்பியர், 7.4 கிலோவாட் என்று விற்பனையாளர் ஆசை காட்டுவார். ஒற்றை ஃபேஸ் வீட்டில் இரண்டு ஏர்கோனும் சுடுநீர்க் கருவியும் ஓடும்போது அது பிரதான இணைப்பைத் திணறடிக்கலாம். 16 ஆம்பியரில் பூட்டி வைத்தாலே மணிக்கு 3.6 யூனிட் ஏறும். இரவு பத்து முதல் காலை ஏழு வரை 32 யூனிட், உங்கள் வேலைக்கு அது தாராளம்.

தெலுக் இந்தான் குழாய்க் கடை அக்கா

கணவர் குழாய் வேலை செய்கிறார், கணக்கு என் கையில். மின்சார வேன் வாங்குவதா என்று நாங்களும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம், அதை அப்படியே சொல்கிறேன் தம்பி.

பெட்ரோல் வேன் 100 கி.மீ.க்கு 8.5 லிட்டர் குடித்தால், பூடி95 என்ற அரசின் பெட்ரோல் உதவித் திட்டம் 2025-இல் தொடங்கியபோது இருந்த சலுகை விலை 1.99 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஏறத்தாழ 17 வெள்ளி. மாதம் 2,000 கி.மீ. ஓடினாலும் 170 லிட்டர்தான். அப்போது வைத்திருந்த மாதம் 300 லிட்டர் வரம்பைத் தொடாது. மின்சார வேன் சார்ஜ் இழப்பையும் சேர்த்து 100 கி.மீ.க்கு 25 யூனிட் எடுத்தால், 2025 ஜூலையில் வந்த புதிய கட்டணப்படி யூனிட்டுக்கு 44 சென் வீதம் 11 வெள்ளி. மிச்சம் 6 வெள்ளி, மாதத்துக்கு 120 வெள்ளி. வீட்டு உபயோகம் 600 யூனிட்டைத் தாண்டினால் 10 வெள்ளி சில்லறை விநியோகக் கட்டணம் (ரீடெய்ல் சார்ஜ்) சேரும். அதற்கு மேற்பட்ட உபயோகத்துக்குச் சேவை வரியும் உண்டு. நேர அடிப்படையிலான கட்டணத்துக்கு மாறினால் வார நாள்களில் பிற்பகல் இரண்டு முதல் இரவு பத்து வரை தவிர்த்து ஏற்றலாம், யூனிட் விலை சற்றுக் குறையும்.

இதே வண்டியை நெடுஞ்சாலையில் விரைவு சார்ஜரில் ஏற்றுங்கள். யூனிட் ஒரு வெள்ளிக்கு மேல் போகும் இடங்களில் பெட்ரோலைவிட மின்சாரம் செலவாகிவிடும். வீட்டு வாசலில் ஏற்ற முடியாதவருக்கு இந்த வண்டி இலாபம் தராது என்பதே என் முடிவு. டீசல் வேன்காரர்கள் நிலை வேறு. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் 2.15-லிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறிய நாளில்தான் எங்கள் தெருவில் பலர் மின்சார வேனைப் பற்றியே பேசத் தொடங்கினார்கள். சாலை வரி விலக்கும் 2025 இறுதியோடு முடிந்துவிட்டது, அதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

சுங்காய் சாமான் வண்டி

நான் ஓராண்டுக்கு மேலாக மின்சார வேனில் செம்பனைத் தோட்டங்களுக்குக் கடைச் சாமான் ஏற்றி வருகிறேன். காட்டும் தூரத்தை நம்பித் தேதி கொடுக்காதீர்கள், அண்ணே. 40 யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கைக் கையிருப்பாக ஒதுக்கினால் 32 மிஞ்சும். சுமையோடு 100 கி.மீ.க்கு 20 முதல் 23 யூனிட் என்றால் 140 முதல் 160 கி.மீ. உங்களுக்கு வந்த எண்ணும் அதுதான், வண்டியில் பழுதில்லை. ஏணியைக் கூரையில் கட்டினால் காற்று இழுக்கும்; நெடுஞ்சாலையில் 110-க்குப் பதில் 90-இல் போனால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

கேமரனுக்கு வேறு கணக்கு. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கி.மீ., ஏற்றம் சுமார் 1,400 மீட்டர். இரண்டு டன் வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்கவே 8 யூனிட் போய்விடும், சாலைச் செலவு தனி. இறங்கும்போது பிரேக் வழியாக அதில் ஒரு பங்கு திரும்பி வரும் என்பதால் மனம் தளர வேண்டாம். ஆனால் மேலே மின்கலத்தை நிறைத்துக்கொண்டு இறங்காதீர்கள். நிறைந்த மின்கலம் திரும்பி வரும் மின்சாரத்தை வாங்காது, பிரேக் கட்டைகளே எல்லாச் சுமையையும் தாங்க வேண்டிவரும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். அலமாரி பொருத்துவதற்கு வேனின் தரையில் துளை போடாதீர்கள். நம்மைப் போன்றவர்கள் வண்டி வாங்கிய மறுநாளே துரப்பணத்தை எடுத்துவிடுவோம். மின்கலம் தரைக்கு அடியில்தான் இருக்கிறது. ஏற்கெனவே உள்ள கொக்கிகளிலும் பக்கச் சட்டங்களிலும் கட்டுங்கள், எது எங்கே ஓடுகிறது என்ற வரைபடத்தை விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். தோட்டத்துச் செம்மண் பாதையில் கல் தட்டினால் அன்றே கீழே குனிந்து பாருங்கள். உறை நசுங்கியிருந்தால் சார்ஜ் ஏற்றாமல் பணிமனைக்குச் சொல்லுங்கள். வெள்ளத்தில் இறங்காதீர்கள். மின்கலம் நீர் புகாத உறைக்குள் இருந்தாலும், நீரில் மூழ்கி நின்ற வண்டியை நாமே இயக்கிப் பார்ப்பது கூடாது.

லயத்துப் பிள்ளைகள் பின்னால் விளையாடுவார்கள், இந்த வண்டி சத்தமில்லாமல் பின்னுக்கு வரும். நான் இறங்கிப் பார்க்காமல் ரிவர்ஸ் எடுப்பதில்லை.

தாப்பா வயர்மேன்

சிலிண்டரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஆர்32 மெதுவாக எரியும் ஏ2எல் வகை. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தங்கும். இந்த ஆபத்து உங்கள் பெட்ரோல் வேனிலும் இருந்தது. நிமிர்த்தி, கட்டி, மூடி போட்டு, காற்றோட்டம் உள்ள பக்கத்தில் வையுங்கள். மதிய வெயிலில் கதவடைத்து நிறுத்தாதீர்கள். சிலிண்டரின் சூடு 50 பாகை செல்சியசை நெருங்க விடக் கூடாது. டார்ச்சின் எரிவாயுவைத் தனியே வையுங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை மின்கலம் நிக்கல் வகையைவிட அதிகச் சூட்டைத் தாங்கும். அப்படியே தீப்பிடித்தாலும் கையிலிருக்கும் தீயணைப்பான் அதற்குப் போதாது, அணைந்தபின் மீண்டும் பற்றும். விலகி நின்று 999-ஐ அழைத்து, மின்சார வண்டி என்று முதலிலேயே சொல்லுங்கள்.

வண்டியிலிருந்து 230 வோல்ட் வெளியே எடுக்கும் வசதி இருந்தால் வாக்குவம் பம்புக்கு நல்லது. ஆனால் அந்த மின்சாரத்துக்கு வீட்டைப் போல் நிலத்தோடு இணைந்த எர்த் கிடையாது. வெளியே ஆர்.சி.டி. மாட்டினாலும் எதிர்பார்த்தபடி விழாமல் போகலாம். ஈரத் தரையில் நின்று வாட்டர் ஜெட்டை அதில் ஓட்டாதீர்கள்.

பீடோர் ஏர்கோன்காரன்

ஐயா, அக்கா, சுங்காய் தம்பி, மூவருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி மற்ற எம்.சி.பி.களையெல்லாம் இறக்கி வைத்துப் பார்த்தேன்: சார்ஜ் மட்டும் ஓடியபோது விழவில்லை, வாசல் விளக்கை ஏற்றியதும் விழுந்தது. விளக்கின் உறைக்குள் தண்ணீரும் எறும்புக்கூடும் இருந்தன. சாக்கெட்டைத் திறந்த வயர்மேன், நியூட்ரல் திருகு கையாலேயே சுழல்வதைக் காட்டினார். தனிக் கம்பிக்கு விலை கேட்டிருக்கிறேன்.

கேமரன் வேலைகளை ஒரே நாளில் சேர்த்துப் போட்டுப் பார்க்க வரும் வியாழக்கிழமை இந்த வண்டியிலேயே ஏறுகிறேன். விற்பனையாளரிடம் இன்னும் ஒரு கேள்வி பாக்கி: எட்டு ஆண்டு மின்கல உத்தரவாதம் என்கிறார், அது தொழிலுக்கு ஓடும் வேனுக்கும் உண்டா என்பதை வாய்மொழியாகச் சொன்னாரே தவிர இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. அந்தக் கடிதம் வரும்வரை முன்பணம் கட்டுவதாக இல்லை.